நாளுக்கு மூன்றடி நடந்த தேனீப் பெட்டிகள்

"மேற்படி குடியிருப்பில் வைக்கப்பட்டுள்ள தேனீப் பெட்டிகள் பத்தும், நாளொன்றுக்கு மூன்று அடிக்கு மிகாமல் நகர்த்தப்பட்டு, வடக்கு மதிற்சுவருக்கு அப்பால் கொண்டுசெல்லப்பட வேண்டும். இவ்வழிமுறை அமெரிக்க நாட்டுத் தேனீ வல்லுநர் ஒருவர் கூறியது என்று தெரிவிக்கப்பட்டுள்ளது."

ஆவடியில் ஒரு தொழிற்சாலைக் குடியிருப்பின் எஸ்டேட் அலுவலகம் 1989 மார்ச்சில் போட்ட உத்தரவு இது. மூலம் ஆங்கிலம், தமிழாக்கம் என்னுடையது. அதன் நகல் ஒன்று இன்னும் என்னிடம் இருக்கிறது. மடித்த இடத்தில் கிழிந்துவிட்டாலும் படிக்க முடிகிறது.

இதை இப்போது எடுக்கக் காரணம் எங்கள் தேனீ வளர்ப்போர் வாட்ஸ்அப் குழு. ஐயப்பன்தாங்கலைச் சேர்ந்த ஓர் இளைஞர், மொட்டை மாடியில் ஒரு மூலையில் இருக்கும் பெட்டியை எதிர் மூலைக்கு மாற்றலாமா என்று கேட்டிருந்தார். கீழ்வீட்டுக்காரர் சண்டைக்கு வருகிறாராம். சற்று நேரத்தில் எட்டுப் பேர் எட்டு விதமாகப் பதில் சொல்லிவிட்டார்கள். நான் "ஒரு நாளைக்கு மூணு அடி" என்று மட்டும் எழுதினேன். "இது எந்த ஆய்வில் இருக்கு மேடம்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. பதில் வாட்ஸ்அப்பில் அடங்காது.

1985 ஜூனில், டைப்ரைட்டிங் ஹையர் முடித்த கையோடு, பூந்தமல்லி டிரங்க் ரோட்டில் இருந்த ஒரு தேனீப் பெட்டிக் கடையில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். என் ஊர் குத்தம்பாக்கம். அப்பா கத்தரியும் புடலையும் போடுபவர். கடைக்கு ஒரு பக்கம் சைக்கிள் கடை, இன்னொரு பக்கம் கட்டில் கடை. வெளியே அடுக்கியிருந்த பெட்டிகளைப் பார்த்துவிட்டு, புறாக் கூண்டு என்ன விலை என்று கேட்டு வந்தவர்களே முதல் வருஷம் அதிகம்.

கடையின் சொந்தக்காரர் ஸ்டெல்லா அக்கா. மார்த்தாண்டம் பக்கத்துக்காரர். அங்கே வீட்டுக் கொல்லையில் தேனீப் பெட்டி இருப்பது, இங்கே முருங்கை மரம் இருப்பது மாதிரி. கல்யாணமாகி ஆவடிக்கு வரும்போது ஒரு பெட்டித் தேனீயை ரயிலில் மடியில் வைத்துக்கொண்டே வந்தாராம். பக்கத்து சீட்டுக்காரர் என்ன என்று கேட்டதற்கு, கைக்குழந்தைக்கு மருந்து என்று சொல்லியிருக்கிறார். கணவர் தங்கராஜ் அண்ணன், தொழிற்சாலையில் வார்ப்புக்கு மர அச்சு செய்யும் பிரிவில் வேலை பார்த்தார். நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். இழுத்த ரம்பம் மட்டும் நூல் பிசகாது. விடுமுறை நாட்களில் பெட்டிகளுக்கான முதல் மாதிரியை அவர் அறுத்துக் கொடுப்பார். அதை வைத்து ஆசாரிகள் மற்றதைச் செய்வார்கள்.

கடைச் சுவரில் ஒரு பழைய புத்தகத்தின் முதல் பக்கத்தைக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார் அக்கா. கோட்டு போட்ட ஒரு வெள்ளைக்காரரின் படம். அந்தப் புத்தகத்தை எழுதியவர், பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவில் தேனீ வளர்ப்பைத் தொழிலாக மாற்றிய முன்னோடிகளில் ஒருவர். அக்காவுக்கு அவர் தாத்தா. "தாத்தா" என்றுதான் சொல்வார், சொந்தத் தாத்தாவைச் சொல்வது போலவே. பால்காரர் ஒருவர் தினமும் காலையில் அந்தப் படத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு போவார். யாரும் அவரைத் திருத்தவில்லை.

பெட்டிக்குள் தேனீக்கள் அடை கட்டும் ஒரு மரச் சட்டத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் விடும் இடைவெளிதான் தாத்தாவின் பெருமை. இடைவெளி அதிகமானால் தேனீ அங்கே கோணல்மாணலாக அடை கட்டிவிடும். குறைந்தால் பிசின் வைத்து அடைத்துவிடும். சரியாக இருந்தால் நடமாட வழி என்று சும்மா விட்டுவிடும். அப்போதுதான் ஒவ்வொரு சட்டமாக வெளியே எடுத்துப் பார்க்க முடியும். அமெரிக்க அளவு நம் ஊர்த் தேனீக்குப் பெரியது. அதனால் தங்கராஜ் அண்ணன் நம் தேனீக்கு ஏற்ற கனத்தில் ஒரு மரத்துண்டு இழைத்துக் கொடுத்திருந்தார். புதுப் பெட்டி வந்தால் அக்கா அதைச் சட்டங்களுக்கு நடுவே விட்டுப் பார்ப்பார். இறுகினாலோ ஆடினாலோ பெட்டி திரும்பப் போகும். ஆசாரி முணுமுணுத்தால், "எனக்கு ஒண்ணும் இல்ல பாத்துக்க. தாத்தாவுக்குப் பிடிக்காது" என்பார்.

டைப்பிஸ்டாக வந்த நான் ஆறு மாதத்தில் பெட்டி திறக்கக் கற்றுக்கொண்டேன். கண் இமை வீங்கி டைப் அடித்த நாட்களை விட்டுவிடுகிறேன். கற்றுக்கொண்டதை மட்டும் சொல்கிறேன், இன்றைக்கும் அதேதான். வாசலுக்கு நேரே நிற்கக் கூடாது, பக்கவாட்டில் நிற்க வேண்டும். தேங்காய் நாரில் புகை போட்டு, வாசலில் இரண்டே மூச்சு. மூடியைத் தூக்கக் கூடாது, ஓர் ஓரமாக நெம்பி, சற்றுப் பொறுத்து, பிறகு எடுக்க வேண்டும். ஓரச் சட்டத்தை முதலில் உருவி வெளியே சாய்த்து வைத்தால்தான் மற்றவை நசுங்காமல் வரும். சட்டத்தை நிமிர்த்தியே பிடிக்க வேண்டும். படுக்கப் போட்டால் அடை அறுந்து மடியில் விழும். முட்டை தெரிய வேண்டுமானால் வெயில் தோளுக்குப் பின்னால் இருக்க வேண்டும். எடுத்த வரிசையிலேயே திரும்ப வைக்க வேண்டும். இவ்வளவு நேரமும் அக்கா தேனீக்களிடம் கிசுகிசுப்பாகப் பேசிக்கொண்டே இருப்பார். மனிதர்களிடம் பேசும்போது அந்தக் குரல் எங்கே போகும் என்று தெரியாது. அவர் கடையில் கூப்பிட்டால் கட்டில் கடைக்காரர் எழுந்து நிற்பார்.

விற்பனைக்குப் போகும் தேனீக் குடிகள், அதாவது ராணியோடு கூடிய கூட்டங்கள், எல்லாம் பத்துத் தாய்ப் பெட்டிகளிலிருந்து பிரித்தவை. அந்தப் பத்தும் ஆவடிக் குடியிருப்பில் அக்கா வீட்டுக் கொல்லையில் இருந்தன. சாது குணம், நோய் தாங்கும் உடம்பு, சீக்கிரம் ஓடிப்போகாத சுபாவம் என்று வருஷக்கணக்கில் பொறுக்கிச் சேர்த்தவை. அவை போனால் கடையில் மிஞ்சுவது வெறும் மரம்.

1989 பிப்ரவரியில் வெயில் சீக்கிரமே ஏறியது. வெயில் காலத்தில் கூட்டைக் குளிர்விக்கத் தேனீக்குத் தண்ணீர் வேண்டும். அக்காவின் தேனீக்கள் குடியிருப்பின் பொதுக்குழாயைப் பிடித்துக்கொண்டன. குழாயடிக்கு எதிர் வீடு மல்லிகா அக்காவுடையது. புளியந்தோப்பில் பிறந்து வளர்ந்தவர். கணவர் தொழிற்சாலையில் கிரேன் ஓட்டினார்.

"இன்னா ஸ்டெல்லா, உன் பூச்சிங்க கொயா மேலயே குந்திகினு கீது. கொடத்த வெச்சா கையில கொட்டுது."

"விரட்டினாத்தான் கொட்டும் மல்லிகா. பேசாம தண்ணி பிடி."

"அதுங்க ஒத்திப் போனா நானு புடிச்சுக்குவேன். பூச்சிக்கு கியூவுல நிக்கச் சொல்றியா?"

அக்கா பெட்டிகளின் பக்கத்திலேயே மண்சட்டியில் கூழாங்கல் போட்டுத் தண்ணீர் வைத்துப் பார்த்தார். ஒன்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு நீர்நிலை பழகிவிட்டால் தேனீ அதை லேசில் விடாது. மார்ச் தொடக்கத்தில் அந்த வரிசை வீடுகளில் எல்லோரும் கையெழுத்துப் போட்ட புகார் எஸ்டேட் அலுவலகத்துக்குப் போயிற்று. சனிக்கிழமை மாலை அதிகாரியே நேரில் வந்து பார்ப்பதாகத் தகவல் வந்தது. தொந்தரவு உண்மை என்று தெரிந்தால் பெட்டிகளை மறுநாளே அப்புறப்படுத்த வேண்டும், தங்கராஜ் அண்ணனுக்கு மெமோவும் வரும்.

அந்தச் சனிக்கிழமை திருமழிசையில் ஒரு விவசாயிக்கு மூன்று இளம் குடிகளைக் கொடுப்பதாக முன்பே ஒப்புக்கொண்டிருந்தோம். காலையில் நானும் அக்காவும் அவற்றைக் கொண்டுபோனோம். மாலைக்குள் திரும்பிவிடலாம் என்று கணக்கு.

நாங்கள் இல்லாத நேரத்தில் தங்கராஜ் அண்ணன் யோசித்திருக்கிறார். பெட்டி கண்ணில் படாவிட்டால் அதிகாரி எதைப் பார்த்து எழுதுவார்? மதியம் இரண்டு நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு, பத்துப் பெட்டியையும் வரிசைக் கடைசியில் பூட்டிக்கிடந்த வீட்டின் பின்னால் கொண்டுபோய் வைத்துவிட்டார். வைத்ததில் ஒரு குறை சொல்ல முடியாது. ரசமட்டம் வைத்துச் செங்கல் அடுக்கி, ஒரே நேர்கோட்டில். பிறகு கொல்லையைக் கூட்டி, தண்ணீர் தெளித்து, அதிகாரிக்கு ஒரு மேஜையும் நாற்காலியும் போட்டு, மேஜை மேல் சொம்பில் தண்ணீரும் வைத்துவிட்டார்.

பத்து வருஷம் தேனீக்களோடு ஒரே வீட்டில் இருந்தவர், ஒன்றை மறந்துவிட்டார். மதிய வெயிலில் பாதித் தேனீ வெளியேதான் இருக்கும்.

நாங்கள் பஸ் இறங்கி வரும்போது வரிசையே அக்கா வீட்டு வேலியில் நின்றது. பூவுக்கும் தண்ணீருக்கும் போயிருந்த ஆயிரக்கணக்கான தேனீக்கள் பழைய இடத்துக்கே திரும்பி வந்து, வீடு இல்லாததைக் கண்டு சுற்றிக்கொண்டிருந்தன. சுற்றி அலுத்தவை மேஜைக்கு அடியில் கொத்தாகத் தொங்கின. நாற்காலியின் முதுகு தெரியவில்லை. சொம்பும் தெரியவில்லை. ஸ்கூட்டரில் வந்து இறங்கியிருந்த அதிகாரி ஹெல்மெட்டைக் கழற்றாமலே நின்றார். அவர் பெயர் வரதன்.

"பெட்டி எதுவும் இல்லைன்னு இவர் சொல்றார்" என்றார் அக்காவிடம், தங்கராஜ் அண்ணனைக் காட்டி. "அப்ப இது என்ன?"

தங்கராஜ் அண்ணன் வேப்பமரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாமோ வேலைக்காரங்க லீவுக்குப் போயி திரும்பி வந்தா ஃபேக்டரியே காணோம்ன்ற மாரி கீது" என்றார் மல்லிகா அக்கா. யாரோ சிரித்தார்கள்.

ஸ்டெல்லா அக்கா கணவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு அதிகாரியிடம் திரும்பினார். கடைக்குரலும் இல்லாமல், தேனீக்குரலும் இல்லாமல், நான் அதற்கு முன் கேட்டிராத ஒரு குரல்.

"பெட்டி இருக்கு சார். பத்து. உங்க கண்ணுல படாண்டாம்ன்னு இவரு கொண்டு ஒளிச்சு வச்சிருக்காரு. அது தப்புதான். பெட்டிய எடுக்கச் சொல்லுகது ஒங்க அதிகாரம். ஆனா இதுகள இப்படி விட்டா பொழுது சாயும் முன்ன பாதி செத்துப்போகும். கொஞ்சம் நில்லுங்க, நான் இதுகள வீட்டுக்குள்ள ஏத்திட்டு வருகேன். பெறவு என்ன வேணா எழுதுங்க."

அவர் தலையசைத்தார். பெட்டிகளின் வாசலில் வேப்பிலையைச் செருகி ஒவ்வொன்றாகக் கொண்டுவந்தோம். பழைய தடம் ஈரத்தரையில் மறைந்துபோயிருந்தது. அக்கா கண்ணாலேயே அளந்து இடம் காட்ட, தங்கராஜ் அண்ணன் செங்கல் வைத்தார். இலையை உருவியதும் முதல் பெட்டியின் வாசலில் சில தேனீக்கள் வந்து, தலையைத் தாழ்த்தி வாலைத் தூக்கி, இறக்கையை விசிறின. வீட்டு வாசனையை வெளியே அனுப்பும் முறை அது. மேஜைக்கு அடியில் தொங்கிய கொத்து முதலில் இளகியது. பிறகு ஓர் ஓரம் நடக்க ஆரம்பித்தது. அப்புறம் எல்லாமே, சங்கு ஊதியதும் தொழிற்சாலை கேட்டுக்குள் போகும் கூட்டம் மாதிரி, நெருக்கியடித்து உள்ளே போயின. யாரையும் ஒன்றும் கொட்டவில்லை.

வரதன் சார் ஹெல்மெட்டைக் கழற்றினார். "அதே பெட்டிதானே அங்கயும் இருந்தது? ஏன் அங்க போகல?"

"அதுகளுக்கு வீடு அடையாளம் கிடையாது சார், எடம்தான் அடையாளம். மூணு அடி நவுத்தினா தேடிக் கண்டுபிடிச்சுக்கிடும். அதுக்கு மேல போனா பழைய எடத்துக்கே வந்து நிக்கும்."

"அப்ப ஒரேயடியா எங்கேயாவது தூரமா லாரியில ஏத்திடுங்களேன்."

"தூரமாப் போனா பழைய எடம் மறந்துரும், அது சரியாக்கும். ஆனா இது கனத்த பெட்டி சார். இந்த வெயில்ல மெழுகு இளகிக் கெடக்கு. லாரி ஆட்டத்துல அடை அறுந்து ராணி நசுங்கிரும். பத்து ராணியும் போனா எனக்குத் தொழிலே இல்ல."

வரதன் சார் வேலிக்கு அப்பால் பார்த்தார். வரிசையின் எட்டு வீட்டுக் கொல்லைகளைத் தாண்டி வடக்கு மதில். மதிலுக்கு அந்தப் பக்கம் பழைய கிராமத்து விவசாயி கோவிந்தசாமியின் கீரைத் தோட்டமும் கிணறும். அங்கே வைத்துக்கொள்ள அவர் சம்மதிப்பார் என்று அக்கா சொன்னார்.

"ஒரு நாளைக்கு மூணு அடின்னு நகர்த்திட்டே போனா அங்க போய்ச் சேருமா?"

"சேரும் சார்."

"இது யார் சொன்னது? ஃபைல்ல எழுதணும்."

அக்கா ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. "அமெரிக்காவுல பெரிய ஆளு சார். புத்தகத்துலயே எழுதியிருக்காரு."

"ஏன் சார், அப்போ எங்க ஊட்டுப் பின்னாலயும் வருமா இது?" என்றார் மல்லிகா அக்கா.

"வரும்மா. வந்துட்டுப் போயிடும்" என்றார் வரதன் சார். திங்கட்கிழமை உத்தரவு வந்தது. மெமோ வரவில்லை.

பயணம் அன்றைக்கே தொடங்கியது. சாயங்காலம் கடைசித் தேனீ உள்ளே போன பிறகு தங்கராஜ் அண்ணன் தன் கையால் இழைத்த மூன்றடிக் கோலைத் தரையில் வைப்பார். பத்துப் பெட்டியும் ஒன்றாக அந்தக் கோலின் மறுமுனைக்கு நகரும். வரிசையும் மாறாது, திசையும் மாறாது. மறுநாள் காலையில் திரும்பி வரும் தேனீக்கள் பழைய இடத்தில் ஒரு கணம் திகைத்து, சற்றுத் தள்ளிப் பார்த்து, போய்ச் சேரும். தங்கராஜ் அண்ணன் ஒரு நாள்கூட விடவில்லை. தான் செய்த அவசரத்தை அவர் அப்படித்தான் அடைத்தார் என்று நினைக்கிறேன்.

ஒவ்வொரு வீட்டுக் கொல்லையிலும் சில நாள் தங்கல். திருநெல்வேலிக்காரர் வீட்டில் துணிக்கொடியை மாற்றிக் கட்டினார்கள். வேலூர்க்காரர் பெட்டிகளுக்குத் தென்னங்கீற்றில் நிழல் போட்டுக் கொடுத்தார். அடுத்த வீட்டுக்கு நகர்ந்தபோது கீற்றும் கூடவே நகர்ந்தது. மல்லிகா அக்கா முதல் நாள் கொல்லைக் கதவைத் திறக்கவே இல்லை. மூன்றாம் நாள் முறத்தோடு வெளியே உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். கிளம்ப வேண்டிய அன்று தங்கராஜ் அண்ணன் கோலோடு போய் நின்றதும், "இன்னிக்கு கிருத்திக, அண்ணாத்தே. நல்ல நாளுல ஊட்ட வுட்டு அனுப்பக் கூடாது. நாளிக்கு நவுத்திக்கோ" என்றார். அன்று ஒரு நாள் பயணம் நின்றது. உத்தரவில் மூன்றடிக்கு மிகாமல் என்றுதான் இருந்தது, பூஜ்யம் கூடாது என்று இல்லை.

ஏப்ரலில் வேம்பும் புங்கையும் பூத்தன. பாதி தூரத்தில் ஒரு பெட்டியின் குடி ஓடிப்போனது. எறும்பு ஏறியிருந்தது. மற்ற ஒன்பதும் நடந்தன. கோவிந்தசாமியின் கிணற்று வாய்க்கால் கிட்டே வர வர, குழாயடிக்குப் போகும் தேனீக்கள் குறைந்தன.

கடைசிச் சிக்கல் மதில். ஒரே தாவலில் அந்தப் பக்கம் வைத்தால் தேனீக்கள் இந்தப் பக்கமே சுவரில் முட்டிக்கொண்டிருக்கும். அதனால் முதலில் பலகை அடித்துப் பெட்டிகளை மதிலுக்கு மேலேயே ஏற்றினோம். சில நாள் ஒன்பதும் அங்கே வரிசையாக உட்கார்ந்திருந்தன. காவலாளி வந்து தங்கராஜ் அண்ணனைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னா அண்ணாத்தே, மதிலு மேல இத்த அடுக்கிகினு கீறே. தூரத்துல பாத்தா ஒம்போது பேரு உள்ள குதிக்கப் போறானுங்கன்ற மாரியே கீது."

தங்கராஜ் அண்ணன் உத்தரவைக் காட்டினார். காவலாளி அதை இரண்டு முறை படித்தார். "அமெரிக்காக்காரன் சொன்னா சரி" என்று திருப்பிக் கொடுத்தார்.

மே கடைசியில் ஒன்பது பெட்டிகளும் கோவிந்தசாமியின் வேப்பமரங்களுக்கு அடியில் இறங்கின. வரதன் சார் ஸ்கூட்டரில் வந்து மதிலின் இந்தப் பக்கம் நின்றே எட்டிப் பார்த்தார், ஒன்பதா என்று எண்ணினார், போய்விட்டார். கடை பிழைத்தது. தொண்ணூறுகளில் பூந்தமல்லிக்கு மேற்கே நாங்கள் விற்ற குடிகளில் பெரும்பாலானவை அந்த ஒன்பதின் வழிவந்தவை. குத்தம்பாக்கத்தில் அப்பாவின் புடலைப் பந்தலில் நின்ற இரண்டும் அவைதான். 1998-இல் தங்கராஜ் அண்ணன் ஓய்வு பெற்றதும் அவர்கள் ஊருக்குத் திரும்பினார்கள். கடை என்னிடம் வந்தது, படமும் புத்தகமும் சேர்த்து.

அந்த வருஷம்தான் தாத்தாவின் புத்தகத்தை அகராதியோடு உட்கார்ந்து முதலிலிருந்து கடைசிவரை படித்தேன். இடைவெளி இருந்தது. புகை இருந்தது. சட்டத்தை நிமிர்த்திப் பிடிப்பது இருந்தது. மூன்றடி இல்லை. ஏதாவது பக்கம் விட்டுப்போயிருக்கும் என்று இன்னொரு முறை படித்தேன். பிறகு மார்த்தாண்டத்துக்கு எஸ்.டி.டி. போன் போட்டேன்.

"அது இல்லையா அதுல?" என்றார் அக்கா. கொஞ்சம் யோசித்தார். "எங்க அம்மை சொல்லுவா, சின்னதுல. ஆனா தாத்தாவும் எழுதியிருப்பாரு பிள்ளே, எழுதாம இருப்பாரா? வேற புத்தகத்துல இருக்கும், தேடிப் பாரு."

தேடினேன். பிற்காலத்துத் தேனீ நூல்கள் சிலவற்றில் இந்த விதி இருக்கிறது, சொன்னவர் பெயர் இல்லாமல். ஐயப்பன்தாங்கல் தம்பிக்கு என் பதில் இவ்வளவுதான்: ஒன்பது பெட்டிகள் நாளுக்கு மூன்றடியாக நடந்து ஒரு மதிலைத் தாண்டியதைப் பார்த்தேன், அதற்கு நான் சாட்சி. எஸ்டேட் அலுவலக உத்தரவில் அமெரிக்க வல்லுநர் கூறியதாகச் சொல்லப்பட்டிருப்பதை அவர் எங்கேனும் எழுதியிருக்கிறாரா என்பது இந்த நாள்வரை உறுதிப்படவில்லை.